அப்போதிக்கரி ஐயாவின் காருக்குச் செய்த கண்ணாடி

முள்ளியவளையில் நான் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த காலம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எனக்குக் கை ஓடும், வாய் ஓடாது. ஆட்கள் சைக்கிளைச் சாத்திவிட்டு என்ன பிழை என்று சொல்வார்கள். நான் தலையாட்டுவேன்.

ஒருநாள் அப்போதிக்கரி ஐயா கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் வேலையில் இருந்து இளைப்பாறி, காரையும் விற்றிருந்தார். லண்டனில் இருந்த மகன், துண்டு துண்டாக வருகிற ஒரு பிளாஸ்ரிக் காரைப் பெட்டியில் அனுப்பியிருந்தான். ஒரு சாண் நீளம். ஐயா ஒரு மாதமாக இருந்து ஒட்டி, கறுப்புப் பூச்சும் பூசியிருந்தார். அவர் ஓடித்திரிந்த அதே மாதிரிக் கார்தான்.

“எல்லாம் தந்திருக்கிறாங்கள் தம்பி, பக்கக் கண்ணாடி மட்டும் இல்லை. உன்ரை கையாலை செய்து பூட்டித் தா” என்றார்.

அவருடைய உண்மையான காரின் இடப்பக்கக் கண்ணாடியை எடுத்தவன் நான்.

அது நடந்து அப்போதே பத்து வருடம் இருக்கும். கோயில் பொங்கலன்று புளியமரத்தின் கீழ் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஐயாவின் கார் நின்றது. டிறைவர் பெடியன் கும்பிடப் போயிருந்தான். முன்சில்லுக்கு மேலே மட்காட்டில் இருந்த கண்ணாடி நட் கழன்று சரிந்து தொங்கியது. இறுக்கிவிடத்தான் ஸ்பனரோடு போனேன். குனிந்தபோது என் முகம் தெரிந்தது. எங்கள் வீட்டில் கண்ணாடி இல்லை. சவரக் கடையில் நாலு பேருக்கு முன்னால் முகம் பார்க்க எனக்குக் கூச்சம். ஸ்பனரை மற்றப் பக்கம் திருப்பினேன். கண்ணாடி மடிக்குள் வந்தது.

அதை விற்றுப்போட்டான் என்று ஐயா அன்றைக்கே டிறைவரை வேலையால் நிற்பாட்டினார். அடுத்த நாள் கடையில் யாரோ அந்தக் கதையை என்னிடம் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

இப்போது பொம்மைக் காருக்குக் கண்ணாடி வேண்டும். சைக்கிள் சில்லுக் கம்பியின் தலையை அரத்தால் தட்டையாக்கினேன். அதில் ஒட்டுவதற்கு என்னிடம் வேறு கண்ணாடி இருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தொங்கிய அந்தக் களவுக் கண்ணாடியின் ஓரத்தைத்தான் குறட்டால் நறுக்கினேன். கண்ணாடி குறுக்கே வெடித்துப் போனது. விழுந்த கண்ணாடித் துண்டுகளில் இரண்டை ஈரக்கல்லில் தேய்த்து உழுந்தளவுக்கு எடுத்தேன். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததாக இருக்கட்டும் என்று, இரண்டு பக்கமும் துளையிட்டுப் பூட்டிக் கொண்டுபோனேன்.

ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“என்னடாப்பா, ரெண்டு பூட்டியிருக்கிறாய்? என்ரை காருக்குக் கடைசிவரை வலப்பக்கம் மட்டும்தானே. மற்றதைக் கோயிலடியிலை பறிகுடுத்தனான் எல்லே. கழட்டு, கழட்டு.”

இடப்பக்கத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். மட்காட்டில் ஊசித்துளை அளவு ஓட்டை மிஞ்சியது. ஐயா அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“அந்த டிறைவர் பெடியனை வீணாக் கலைச்சுப்போட்டனோ எண்டு இப்ப யோசிக்கிறன். போகேக்கை அழுதவன். நீ அண்டைக்குப் புளியடியிலை இருந்தனியெல்லே? வேறை ஆரும் காருக்குக் கிட்டப் போனவையோ?”

என் சட்டைப்பையில் அந்தக் கண்ணாடித் துண்டு இருந்தது.

“என்ன, வாயைத் திறந்தால் முத்து கொட்டுப்பட்டுப் போமோ?” என்று சிரித்தார்.

“ஒருத்தரும் போகேல்லை ஐயா.”

அவர் முகம் தெளிந்தது. “அப்ப அவன்தான். நீ பொய் சொல்லமாட்டாய்” என்றார்.

நான் தலையாட்டினேன்.