பழைய மெஷினுக்குப் புதிய போர்டு

மார்சிலிங்கில் உள்ள எங்கள் மரப்பட்டறையில், மரம் செதுக்கும் பழைய ரௌட்டர் மெஷினின் கண்ட்ரோல் போர்டு கருகிவிட்டது. தேவாலயக் கதவு ஒன்று பாதி செதுக்கிய நிலையில் நின்றது. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். விற்பனையாளர் ஒல்லியானவர்; பதில் சொல்லும் முன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார். டச் ஸ்க்ரீன் வைத்த போர்டைக் கேட்டேன்.

“ரிப்பேர் ஆனா யார்கிட்ட போவீங்க?” என்றார்.

“உங்ககிட்டதாண்ணே.”

கண்ணை மூடித் திறந்தார். “அடுத்த மாசம் நான் வேலைய விட்டுடுவேன் லா. இந்தச் சின்ன போர்டு போதும். வயரிங் படம் தெளிவா இருக்கு, நீங்களே பாத்துக்கலாம்.”

அதையே வாங்கிப் பொருத்தினேன்; கதவு முடிந்தது. சில மாதம் கழித்து, போன வாரம் ஒரு வயர் கழன்றது. படத்தைப் பார்த்து நானே மாட்டினேன். மெஷின் ஓடியதும் அவரிடம் சொல்லத் தோன்றியது. எங்கே போய்ச் சொல்வது?