சித்தம்மாவின் நெஞ்சு நீர்

எல்லோரும் வரக்கூடாதென்று வேண்டிக்கொள்கிற நோய், தன் மனைவிக்கு வந்திருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு நின்றார் வேலாயுதம். மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருட வேலை. மார்டள்ளி கிராமத்திலிருந்து அவர் கட்டிக்கொண்டு வந்த சித்தம்மா, நுரையீரலைச் சுற்றி நீர் கட்டி மாடி வார்டில் கிடந்தாள். ஊசியால் எடுத்த நீரைக் கொடுத்த டாக்டர், "டி.பி. இல்லேன்னா கேன்சரான்னு பார்க்கணும்" என்று சொல்லியிருந்தார்.

அந்த வருடம்தான் ஏ.டி.ஏ. பரிசோதனை அங்கே வந்திருந்தது. டி.பி.யால் கட்டிய நீரில் அந்த என்சைம் மிகுந்திருக்கும். மருந்து சேர்த்து வெதுவெதுப்பில் வைத்தால் அம்மோனியா உண்டாகி, கடைசியில் குழாய் நீலமாகும். பக்கத்தில் மருந்து மட்டும் ஊற்றி, நோயாளியின் நீர் சேராத ஒரு வெறுங்குழாய் இருக்கும். அது நிறம் மாறக் கூடாது; மாறினால் சோதனையே செல்லாது.

சித்தம்மாவின் குழாய் நீலமானது. மயில்கழுத்து நீலம். அதையே பார்த்துக்கொண்டு நின்றவருக்கு உடம்பு லேசாகி மிதப்பதுபோல் இருந்தது. அந்த நீலத்துக்குள் சித்தம்மா மூச்சிரைக்காமல் மாடிப்படி இறங்கி வந்தாள். வந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

அப்புறம்தான் வெறுங்குழாயைப் பார்த்தார். அதுவும் நீலம்.

நேற்று ஆயுத பூஜை. சந்தனப் பொட்டு வைக்குமுன் அத்தனை குழாய்களையும் கண்ணாடி துடைக்கும் அம்மோனியாத் திரவத்தால் பளபளவென்று துடைத்தது அவரேதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இந்த நீலத்தையே எழுதிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? ஒரு நிமிடம் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். உள்ளே இருப்பது கேன்சரானால் அவர் எழுதிய பொய்யா அவளைக் காப்பாற்றும்? இரண்டு குழாய்களையும் தொட்டியில் கொட்டினார்.

சீசாவில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் நீர் இருந்தது. பிரிக்காத பெட்டியிலிருந்து புதுக் குழாய்கள் எடுத்தார். ஒன்றரை மணி நேரம். ஊரே தசரா ஊர்வலம் பார்க்கப் போயிருக்க, அவர் குழாய்களை வெறித்தபடி தூக்கமும் விழிப்புமாக உட்கார்ந்திருந்தார்.

வெறுங்குழாய் தண்ணீராகவே நின்றது. பக்கத்துக் குழாய் மெல்ல மெல்ல நீலமாயிற்று.

மாடிக்கு ஓடினார். "டி.பி.தான் சித்தம்மா! டி.பி.யேதான்!"

அவள் மிரண்டு எழுந்து உட்கார்ந்தாள். "டி.பி.ன்னு சொல்லிப்போட்டு சிரிக்கறீங்களே, உங்களுக்கு என்னாச்சுங்க?"

"மாத்திரையில சரியாப் போயிரும் சித்தம்மா" என்றவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு வார்டே பார்க்க அழுதார்.