பிரிஜெட்டுக்கு இல்லாத வியாழக்கிழமை

பிரேசர் டவுன்ல எங்களுக்கு அடுத்த போர்ஷன்ல இருந்தவ பிரிஜெட். கல்யாண கவுன் தைக்கிறவ. அந்த ஏரியாவுல பாதிப் பொண்ணுங்க அவ தச்ச கவுனப் போட்டுத்தான் கோயிலுக்குள்ள நடந்தாங்க. அவளுக்குன்னு முப்பத்தி நாலு வயசு வரைக்கும் ஒருத்தன் அமையல. ஒரு காலு சூம்பியிருக்கும், அதுக்கோசரம். பாக்க வந்தவனுங்க காப்பியக் குடிச்சிட்டுப் போய்ச் சேந்தானுங்க.

ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அம்பத்தஞ்சுல ஒரு ஓட்டல் பேண்டுல சாக்ஸபோன் ஊத அன்செல்ம்னு ஒருத்தன் வந்தான். ஹெயிட்டியாம், அமெரிக்காவுக்குக் கீழ ஏதோ தீவு. நம்மள விடக் கறுப்பு, நல்ல ஒசரம், அதிர்ந்து பேச மாட்டான். ரோஸ் பட்டுல லேஸ் வச்சு ஒரு கவுன் தைக்கணும்னு பிரிஜெட்கிட்ட வந்தான். யாருக்குன்னு சொல்லல, அளவும் குடுக்கல. இவ தன்னோட அளவுக்கே தச்சு வச்சா. அவ்ளோ ஆச.

குடுக்கப் போன எடத்துல பாத்தா, அவன் ரூம்ல ஒரு பொட்டி மேல வியாகுல மாதா படம். நெஞ்சுல வாள் குத்தியிருக்குமே, அதே படம். முன்னால கண்ணாடி, சென்ட்டு பாட்டிலு, கேக்கு. கவுன மடிச்சு அதுங்கிட்ட வச்சான். நாம மாதாவுக்கு சேல சாத்தறோம்ல, அப்படித்தான் போலன்னு இவளும் முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டு வந்துட்டா. ரொம்ப பக்தியான ஆளுன்னு என்கிட்ட ஒரே பூரிப்பு.

மூணு மாசத்துல அவனே கல்யாணம் பேசினான். ஃபாதர் ஞாயித்துக்கெழம பூசையில மொத ஓலை வாசிச்சாரு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னு. மூணு வாரம் வாசிக்கணும்.

அன்னிக்கு சாயங்காலம்தான் அன்செல்ம் பிரிஜெட்கிட்ட உள்ளத சொன்னான். படத்துல இருக்கறது மாதா இல்லையாம். எசிலின்னு காதலுக்கு ஒரு தேவியாம். ஆப்பிரிக்காவுலேருந்து அடிமையா கப்பல்ல அள்ளிட்டுப் போன சனங்க, வெள்ளக்காரன் அடிக்குப் பயந்து தங்க சாமிய மாதா படத்துக்குள்ள ஒளிச்சு வச்சுக் கும்பிட்டாங்களாம். அந்தத் தேவி பட்டு கேப்பா, சென்ட்டு கேப்பா, எல்லாம் குடுத்தாலும் யாரும் என்னை முழுசா நேசிக்கலன்னு அழுவாளாம். இவனுக்கும் அவளுக்கும் மோதிரம் போட்டு, சாட்சி வச்சு, முறையா கல்யாணமே ஆயிருக்கு. வியாழக்கெழம ராத்திரி அவளுது. அன்னிக்கு வேற பொம்பள அந்த ரூம்ல படுக்கக் கூடாது.

பிரிஜெட் எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டு, யார்கிட்டயும் சொல்லிடாதக்கான்னு கெஞ்சினா. நான் ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். தடைய மறச்சா பாவம்னு பயம். பயம் மட்டுமா, கொஞ்சம் வயித்தெரிச்சலும்தான். ஃபாதர் அவனக் கூப்பிட்டு, படத்தக் கொளுத்து, மோதிரத்தத் தூக்கிப் போடு, அப்பறம் ரெண்டாவது ஓலை வாசிக்கிறேன்னாரு. அவன் முடியாதுன்னுட்டான். கல்யாணம் நின்னுச்சு.

பிரிஜெட் வந்து என் அடுப்பங்கரையில நின்னா. கத்தல.

"செத்துப் போன ஓம் புருஷன் ஏழு நாளும் சாராயக்கடையில கெடந்தாரு. நீ குடும்பம் நடத்தல? இவரு ஒரு நாள்தானக்கா கேக்குறாரு."

"அது கடைடி. இது பொம்பள."

"அவள வெரட்டிட்டு என்னைக் கட்டறவன் நாளைக்கு என்னையும் வெரட்டுவான்."



ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணத்துக்கு எழுதிக் குடுத்தாங்க. அப்படிக் கட்டினா பூசையில நாக்குல வைக்கிற நன்மை அப்பம் கெடயாதுன்னு ஃபாதர் சொல்லி அனுப்பினாரு. அவ அசையல. ஒரு மாசம் கழிச்சு தேதி குடுத்தாங்க. வியாழக்கெழம. மாத்திக் கேட்டாங்க, ஆவல. பேண்டுக்காரங்க ரெண்டு பேரு சாட்சி. இன்னும் ஒண்ணு வேணும். கெடுத்தவளே வந்து கைநாட்டு வைன்னு என்னை இழுத்துட்டுப் போனா.

உயிரோட வேற பொண்டாட்டி உண்டான்னு ஆபீசர் கேட்டாரு. அன்செல்ம் பேனா நின்னு போச்சு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஆபீசர் நிமிந்து எங்க ஒவ்வொருத்தரையும் பாத்தாரு. பிரிஜெட் அவனப் பாக்கல, என்னைப் பாத்தா. நான் மைப்பொட்டிய பாத்துட்டு வாய மூடிட்டிருந்தேன்.

"இல்ல சார்"னு பிரிஜெட்டே சொன்னா. அவன் கையெழுத்துப் போட்டான். நான் கட்டவெரல அழுத்தினேன்.

வெளிய ஜட்கா வண்டி நின்னுச்சு. அவன் மட்டும் ஏறினான். அவ அவன் காலர சரி பண்ணி அனுப்பிட்டு, கல்யாண கவுனோட நொண்டி நொண்டி என் பின்னாலயே வந்தா. தன் போர்ஷனுக்குப் போகாம என் வீட்டுக்குள்ள வந்து என் பழைய பொடவ ஒண்ண வாங்கிக் கட்டிக்கிட்டா. சோறு வேணாம்னுட்டா.

"காலையில எத்தன மணிக்கு அவரு ரூமுக்குப் போனா சரியா இருக்கும்க்கா?"

விடியட்டும், நானே கொண்டு போய் விடறேன்னேன்.