மலைக்கு ஏற்றி அனுப்பிய பழைய புத்தகங்கள்

ஒரு பெண்ணை நான் ஏமாற்றினேன். தேர்வுக்குப் படிக்க இலவசப் பாடப்புத்தகங்கள் கேட்டு வந்தாள். தெரிந்தே பழைய பாடத்திட்டப் புத்தகங்களைக் கொடுத்தேன். புதியவை என்று வாயாரச் சொல்லியும் அனுப்பினேன். அவள் தோற்றாள். தன் மண்டை சரியில்லாததால் தோற்றதாக இன்றும் நம்புகிறாள்.

அவளிடம் சொல்ல நா எழவில்லை. முகம் தெரியாத உன்னிடம் சொல்கிறேன்...

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தை ஒட்டி ரவிக்கை தைக்கும் கடை என்னுடையது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சமெல்லாம் டேப்லெட்டில் படித்ததுதான். எங்கே காசில்லாமல் புத்தகம் இறக்கலாம், எது விளம்பரத்துக்குள் இழுத்துவிடும், எதில் எழுத்து கட்டம் கட்டமாக உடையும் என்று தட்டித் தடவி நானே கற்றுக்கொண்டேன். மெஷின்மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, கொக்கி தைத்தபடியே வாசிப்பேன்.

ஊரில் பேர் கிளம்பிவிட்டது. துணி கொடுக்க வருகிறவர்கள் கைப்பேசியையும் நீட்டினார்கள்.

"லைப்ரரிக்காரம்மா, சமையல் புஸ்தகம் ஒண்ணு ஏத்திக் குடு. எம் மாமியா நாக்குக்கு நா ஆக்கறது ஒண்ணும் புடிக்க மாட்டேங்குது."

"மாமியா வாய்க்குப் பூட்டுப் போடற புஸ்தகம் தேடிக்கினு இருக்கன். கெடச்சா மொத காப்பி உனக்குத்தான்."

இப்படிச் சிரித்துச் சிரித்தே வளர்ந்தது என் பெருமை. அந்தப் பெருமைதான் குற்றவாளி என்று சொல்லித் தப்பிக்கலாமா? பெருமைக்குத் தனியாகக் கை இருக்கிறதா என்ன...

நான் ஏமாற்றிய அந்த அலமேலுவுக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஊர். அங்கே கைப்பேசிக் கோபுரம் எட்டாது. எதை இறக்குவதானாலும் கீழே வந்து இறக்கிக்கொண்டு, கடைசிப் பேருந்தில் ஏறிவிட வேண்டும். கேரளத்தில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருக்கும் அண்ணன் வாங்கித் தந்த டேப்லெட்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாள்.

"அரசாங்க வேலப் பரீட்ச எழுதப் போறங்க்கா. வயசுக் கணக்குல எனக்கு இதான் கடைசி. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் எல்லா புஸ்தகமும் ஏத்திக் குடுங்க."

புதிய புத்தகங்கள் வண்ணப் படங்களோடு கனமான கோப்புகள். அன்றைக்கு இணையம் நொண்டியது. பாதி இறங்கும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வெளியே நடத்துநர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். என் டேப்பில் யாருக்கோ எப்போதோ இறக்கிய பழைய புத்தகங்கள் இருந்தன. நொடியில் ஏறிவிடும். பாடத்திட்டம் மாறிவிட்டது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏற்றினேன்.

தைக்கிறவள் புத்தி எனக்கு. உள்ளே துணி விட்டுத் தைத்தால், இறுக்கிப் பிடிக்கிற அன்றைக்குப் பிரித்துவிடலாம். இதையும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த முறை வரட்டும், மாற்றிவிடலாம்.

"புதுசுதானக்கா?"

"புதுசுதான்டி. ஓடு, பஸ் கெளம்புது."

அந்த வாரமே புதியவற்றை இறக்கித் தயாராக வைத்தேன். அவள் வந்ததோ சில மாதங்கள் கழித்து. கடை நிறையப் பெண்கள் இருந்தார்கள். வந்ததும் வராததுமாக ஒரு பாடத்தை வரி பிசகாமல் ஒப்பித்தாள்.

"மரவள்ளி புடுங்கறப்பகூட வாய் தானா சொல்லிக்கினே கெடக்குதுக்கா. எங்கம்மா பூசாரியக் கூப்புடவான்னு கேக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். "உன் புண்ணியத்துல இந்தப் பொண்ணு தாலுக்கா ஆபீஸ்ல குந்தப் போவுது பாரு" என்று ஒருத்தி என் தோளைத் தட்டினாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தது. நீ கேட்பாய், ஏன் சொல்லவில்லை என்று. அத்தனை பேர் முன்னால் லைப்ரரிக்காரம்மா பொய்க்காரி ஆவதா? அதுதான், அவ்வளவுதான். ஒரு பெண்ணின் கடைசி வாய்ப்பைவிட என் பட்டப்பெயர் எனக்குக் கனமாக இருந்தது.

தேர்வு முடிந்து நேராக என்னிடம்தான் வந்தாள்.

"பாதிக்கு மேல நா பாக்காத பாடமா வந்துச்சுக்கா. பாத்திருப்பன்... என் மண்டைல நிக்கல போல."

தேநீர் வாங்கிக் கொடுத்தேன். என்னால் கொடுக்க முடிந்தது அதுதான்.

போன மாதம் மறுபடி வந்தாள். அண்ணனோடு மிளகுத் தோட்டத்துக்குப் போகிறாளாம். டேப் இனி தங்கைக்கு.

"அவ எழுதப் போறாக்கா. நா படிச்சதையே படிக்கட்டும். அவளுக்கு மண்டை நல்லா வேல செய்யும்."

தூசி தட்டித் தருகிறேன் என்று டேப்பை வாங்கி, பழையவற்றை அழித்து, காத்துக்கிடந்த புதியவற்றை ஏற்றினேன். வாங்கியதும் திறந்து பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளி எதையோ தேடினாள். அவள் மனப்பாடம் செய்த பாடம் அதில் இல்லை.

"இன்னாக்கா, எல்லாம் மாறிக் கெடக்குது?"

இந்த முறையாவது உண்மையைச் சொன்னேன் என்றா நினைத்தாய்?

"இப்பத்தான்டி மாத்தனாங்க. உன் பரீட்சைக்கு அப்புறம்."

திரையை அணைத்தாள். பிறகு சிரித்தாள்.

"நா ரெண்டு வருசம் பின்னாடி பொறந்திருக்கணும்க்கா. எங்கம்மாவுக்கு அவசரம்."

டேப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்ப் பேருந்தில் ஏறினாள். சன்னல் வழியாகக் கை அசைத்தாள். நானும் அசைத்தேன்.

தங்கை தோற்றால் அதுவும் என் கணக்கில் சேரட்டும். ஆனால் அவள் தேறிவிட்டால்? அலமேலு கேரளத்திலிருந்து வந்து, கடை நிறைந்திருக்கும் நேரத்தில், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வாள். சொல்லுவாள், அவள் அப்படிப்பட்டவள்...

அந்த நாளுக்குத்தான் பயந்துகொண்டு இருக்கிறேன்.