இருமலுக்கு இறங்காத துண்டு

பிள்ளைகளா,

பள்ளிக்கூடத்தில் உங்களைக் "கூத்தாடி வீட்டுப் பிள்ளைங்க" என்று சொன்னார்களாம். தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தை, அதாவது என் அக்கா, இன்றைக்கு ஒற்றை மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாளாக ஒரு கூட்டத்தையே சிரிக்க வைக்கிறாள். சினிமாவில் நடிக்கிறாள். தன் வசனத்தைத் தானே எழுதுகிறாள். இதெல்லாம் ஆரம்பித்தது திருவிடைமருதூருக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் நடவு வயலில்.

பண்ணையார் வரப்பில் வருவதற்கு முன்னால் அவருடைய இருமல் வரும். கேட்டதுமே ஆம்பளைகள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார்கள். யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போகும். ஒருநாள் அக்கா நாற்றுக்கட்டுகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு அதே மாதிரி இருமினாள். அத்தனை துண்டும் இறங்கிவிட்டது.

"யாரு புள்ள அது?" என்றார் அப்பா.

"நாந்தாம்ப்பா. எனக்கும் இவ்வளவு மரியாதையான்னு பாத்தேன்."

நடவுப் பெண்கள் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

அப்போது ஆட்சி மாறியிருந்தது. ஊருக்கு ஊர் மேடை, நாடகம், கூடவே கூலிச் சண்டை. எங்கள் விவசாயக் கூலிகள் சங்கம் சந்தைத் திடலில் கூட்டம் போட்டது. அதில் அக்கா பேசி நடிப்பதாக ஏற்பாடு. பண்ணையின் காரியக்காரர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஒம் பொண்ணு மேடையேறி ஐயா மாதிரி இருமப் போவுதாமே. ஏறுனா, ஒங்க வூட்டு ஆளு ஒருத்தரும் நம்ம வயல்ல கால் வைக்க வேணாம்."

எங்களுக்கு வேறு வயல் ஏது? அக்காதான் கேட்டாள்.

"ஏறாட்டி?"

"எப்பவும் போல இருக்கலாம்."

"அதுதாங்க வேணாங்குறேன்."

அவர் போனதும் அம்மா சொன்னார்: "ஏறுறதுன்னா ஒழுங்கா பண்ணு. யாரும் சிரிக்கலன்னா வேலையும் போயி மானமும் போயிரும்."

யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கப் பண்ணையாரே வந்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா மேடையேறி இருமினாள். ஒரு சத்தமில்லை. பண்ணையார் எழுந்து கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து நிஜமாகவே இருமினார். கைகள் தோளுக்குப் போயின.

அக்கா மைக்கில் நிதானமாகச் சொன்னாள்: "நல்லாத்தாங்க பண்றீங்க. இன்னுங் கொஞ்சம் அடித்தொண்டையிலேருந்து வரணும்."

முதலில் சிரித்தது அப்பா. தோளுக்குப் போன கை அங்கேயே நின்றது. துண்டு இறங்கவில்லை. பிறகு திடல் முழுக்கச் சிரித்தது.

சொன்னபடியே வேலை போயிற்று. அந்தச் சம்பாப் பருவம் முழுக்க நாங்கள் தரங்கம்பாடியில் மீன் கூடை தூக்கினோம். மன்னிப்புக் கேட்டால் திரும்ப வரலாம் என்று காரியக்காரர் வந்து சொன்னார். அப்பா தோளில் துண்டோடு நின்று, "அதுக்கு நேரமில்லீங்க, புள்ள நாடகத்துக்குப் போயிருக்கு" என்றார்.

சினிமாவில் முதலில் அக்காவுக்குக் கிடைத்தது வேலைக்காரி வேஷம். முதலாளி இருமியதும் பதறி எழ வேண்டும் என்றார்கள். இவள் உட்கார்ந்தபடியே, "இன்னொரு தடவ இருமுங்க, சரியா கேக்கல" என்றாள். எழுதிக்கொடுத்த வசனம் போய் அதுதான் படத்தில் நின்றது. அன்றிலிருந்து அவளே எழுதுகிறாள்.

நாளைக்கும் கூத்தாடி வீட்டுப் பிள்ளைகள் என்றால், ஆமாம் என்று சொல்லுங்கள். குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். முடிந்தால் ஒருமுறை இருமியும் காட்டுங்கள்.