சிரிப்பு வராமல் ஒரு டம்ளர் டீ

லைட்ஹவுஸ் குப்பத்தில் அந்த வீட்டுக்கு மூன்றாவது முறையாகப் போயிருந்தேன். பக்கவாதம் வந்து படுத்து எழுந்த மீனவர். டீ குடித்தால் கொஞ்சம் வயிற்றுக்கும் கொஞ்சம் நுரையீரலுக்கும் போகிறது. அதனால் ஒருமுறை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுபடி அப்படி ஆனால் மூக்கில் குழாய்தான். டீயை மறந்துவிட வேண்டியதுதான்.

"பேச்சு டாக்டர் வந்துட்டாரு" என்றார் அவர் மனைவியின் தம்பி. "மாமாதான் நல்லா பேசுதே. நீ இன்னாத்துக்கு சார்?"

விழுங்கச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலைதான் என்று போன இரண்டு முறையும் விளக்கியிருந்தேன். கரையில் கிடந்த ஃபைபர் படகிடம் விளக்கியிருந்தால் அதற்காவது புரிந்திருக்கும்.

தண்ணியாக நுரையீரலுக்கு வழுக்கிவிடாமலிருக்க, கெட்டியாக்கும் பொடி கலந்து டீயைக் கூழ் பதத்துக்குக் கொண்டுவந்தேன். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு ஸ்பூன் கொடுத்தேன். "தாடைய நெஞ்சுப் பக்கம் எறக்கி முழுங்குங்கண்ணே." தலையை இறக்கினால் அவருக்குத் தொண்டையில் டீ வழி தவறுவதில்லை. குரல்வளை மேலே ஏறுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்துக்கோக்கா" என்றார் தம்பி. "மாமா உன் முன்னாடி தல குனியறது இதான் மொத தபா."

மீனவர் சிரித்தார். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. டீ முழுக்க என் சட்டையில். இதில் கேவலம் என்னவென்றால், அவருக்கு முன்பே சிரித்தது நான். வாயில் ஏதாவது இருக்கும்போது சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது என்று அந்த வீட்டில் தொண்டை கிழியக் கத்தியவனும் நானேதான்.

"சிரிச்சி சிரிச்சே என் புருஷன சாவடிச்சிடுவீங்க போல!" அக்கா தம்பியை வெளியே தள்ளினார். "நீயும் போறியா சார்?"

"இல்லக்கா, வேலை இருக்கு."

இருமல் அடங்கி மூச்சு சீராகும்வரை காத்திருந்தேன். முகத்தைத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்பவன்போல் வைத்துக்கொண்டு அடுத்த ஸ்பூனைக் கொடுத்தேன். தலை இறங்கியது, குரல்வளை ஏறியது, டீ போனது.

"ஆ-ன்னு சொல்லுங்கண்ணே."

"ஆ..." டீ தொண்டையில் தேங்கினால் வரும் கொளகொளப்பு குரலில் இல்லை. அடுத்த மூச்சிலேயே கேட்டார்: "இன்னா சார், எழவு ஊடு மாதிரி கீது?"

சிரிப்பை அடக்கி எனக்குக் கன்னம் உப்பிவிட்டது. அக்கா ஸ்பூனை வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டினார்.

மிச்ச டீயை அவரே ஊட்டினார். நான் வெளியே தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். தம்பி என் வாயைப் பொத்திக்கொண்டார். டம்ளர் காலியாகும்வரை உள்ளேயிருந்து ஒரு இருமல்கூட வரவில்லை.