சகாடா: சுண்ணாம்புக்கல் மலையூரும் லிடியாவின் அண்ணனும்

என் மனைவி லிடியா ஒன்பது வருடமாக ஊருக்குப் போகாமல் இருந்தாள். சுவிசில், வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறாள். பிறந்தது பிலிப்பைன்சின் வடக்கு மலைகளில் உள்ள சகாடா. நான் யாழ்ப்பாணம். முதல் வருடமே தாய் இறந்தபோது இவளுடைய வதிவிட அனுமதி அட்டை புதுப்பிக்கக் கொடுத்த கந்தோரில் கிடந்தது. நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்ப விடமாட்டார்கள் என்று பயந்து செத்தவீட்டுக்குப் போகவில்லை. அன்றோடு அண்ணன் தோமஸ் அவளுடன் கதைப்பதை விட்டுவிட்டார்.

இந்தப் பெப்ரவரி விடுமுறையில் வருகிறோம் என்று நான்தான் அவருக்கு எழுதினேன். "பஸ் பன்னிரண்டரைக்கு வரும்" என்று மட்டும் பதில் வந்தது.

மணிலாவிலிருந்து பாகியோவுக்கு 250 கிலோமீற்றர், ஆறு மணி நேரம். அங்கே ஓர் இரவு தங்கி, காலை ஆறு மணிக்கு சகாடா பஸ். 150 கிலோமீற்றருக்கு ஆறரை மணி நேரம் (வளைவுகளில் வயிறு கலங்கும், குறைவாகச் சாப்பிடுங்கள்). ஆளுக்கு 420 பேசோ, ஏறக்குறைய ஆறு பிராங். பாதை 2,250 மீற்றர் வரை ஏறுகிறது. சரிவெல்லாம் கோவா (முட்டைக்கோஸ்) தோட்டம்.

"அண்ணன் கதைக்காட்டி என்ன செய்யிறது?" என்று பஸ்ஸில் லிடியா கேட்டாள். என்னிடம் பழகிய தமிழ்.

"அப்ப நான் கதைக்கிறன்."

சகாடாவில் பஸ்ஸடியில் நின்ற தோமஸ் எனக்குக் கை தந்தார். தங்கையின் பையை வாங்கித் தோளில் போட்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் அங்கே சுற்றுலா வழிகாட்டி. மறுநாள் எட்டு மணிக்கு எங்களை நடத்திக்கொண்டு போனார். எல்லாம் என்னிடம்தான் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். ஊர் 1,500 மீற்றர் உயரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. பாறை முழுக்கச் சுண்ணாம்புக்கல், எங்கள் சுவிஸ் ஜூரா மலைபோல, ஒருகாலத்தில் கடலடி. அதனால் தண்ணீர் நிலத்துக்கு அடியில் ஓடிக் குகைகளைக் குடைந்திருக்கிறது.

"அப்ப ஊரை உண்டாக்கினது அமெரிக்கர்தானோ?" என்று கேட்டேன்; தேவாலயம் அமெரிக்கர் கட்டியது என்று வாசித்திருந்தேன்.

"இல்லை. நாங்கள் முதலே இருந்தனாங்கள். ஸ்பானியர் பிந்தித்தான் மலைக்கு ஏறினவை, கோப்பிக் கண்டுகள் கொண்டு வந்தவை. பிறகு அமெரிக்கப் பாதிரிமார் வந்து மரம் அரியிற ஆலை போட்டு, கல்லு உடைச்சு, கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டிச்சினம். பட்டணம் அதைச் சுத்தி வளந்தது."

கல் தேவாலயத்தைத் தாண்டினால் பாதை மயானத்துக்குள் போகிறது. தாயைப் புதைத்த மண்மேட்டருகே தோமஸ் நின்றார். மரச்சிலுவை மட்டும் இருந்தது. லிடியா முழங்காலில் இருந்துவிட்டாள்.

நான் சொன்னேன்: "அண்ணை, என்ர அப்பா செத்தபோது நானும் போகேல்லை. அகதி அனுமதியோட இருந்தனான்."

அவர் என்னை விட்டுத் தங்கையைப் பார்த்தார். அப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசினார். "அம்மா கடைசி மூண்டு நாளும் உன்னைத்தான் கேட்டவ. வாறாள், வாறாள் எண்டு பொய் சொல்லிக்கொண்டு இருந்தனான்."

"மனோங்" என்றாள். அண்ணனை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். "டிக்கெட் எடுத்தனான். சூரிச் விமான நிலையம் வரைக்கும் போய்த் திரும்பினனான்."

அது எனக்கும் தெரியாது.

தோமஸ் சிலுவையைத் தொட்டார். "பிள்ளைகளின்ர பேர் போட்டு அம்மாவுக்குக் கல்லு வெட்டப் போனனான். கோவத்தில உன்ர பேரை விடச் சொல்லுவம் எண்டு நினைச்சுத்தான் போனனான். வாய் வரேல்லை. அப்பிடியே திரும்பி வந்திட்டன்."

நான்காம் நாள் கல் வைத்தோம். அதில் தோமஸ், லிடியா இரண்டு பெயரும் இருக்கின்றன.

போகிறவர்களுக்கு: சுவிஸ் கடவுச்சீட்டுக்கு முப்பது நாள் விசா வேண்டாம். பெப்ரவரிக் காலையில் பத்துப் பாகைக் குளிர்; ஜாக்கெட் கொண்டு போங்கள். பாறையில் சவப்பெட்டிகள் தொங்கும் பள்ளத்தாக்குக்கும் குகைகளுக்கும் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். மயானத்தில் சத்தம் போடாதீர்கள். யாரையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கல் வைக்கவே நான்கு நாள் ஆனது. எங்கேயோ ஒரு கந்தோரில் கிடந்த அட்டை ஒரு வீட்டை ஒன்பது வருடம் பிரித்து வைக்கும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

புறப்பட்ட காலை தோமஸ் பஸ் சன்னலடியில் நின்று லிடியாவோடு தங்கள் மொழியில் வேகமாகக் கதைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாரதி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தும் இருவரும் நிறுத்தவில்லை.